மூன்றாவது கேமராவுக்கு இடமில்லை

போன புதன்கிழமை சாத்தூரில் ஒரு தப்புச் செய்தேன். சின்னத் தப்பு இல்லை.

அதிலும், முழு நம்பிக்கையோடு செய்தேன். தயங்கித் தயங்கிச் செய்கிற தப்பு பாதியிலேயே நின்றுவிடும். நம்பிக்கையோடு செய்கிற தப்பு இருக்கிறதே... அது முழுசாக முடிந்த பிறகுதான் நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் லட்சணம் தெரியும். விருதுநகரில் ஒரு பாலிடெக்னிக்கின் கம்ப்யூட்டர் லேபில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவள். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எந்த வீட்டுப் பிரிண்டர் மக்கர் செய்தாலும் எனக்குத்தான் போன் வரும். நானும் ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பிவிடுவேன். கர்வம்தான். மறைக்கவா முடியும்?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெசிந்தா கூப்பிட்டார். சாத்தூரில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறார். கிளினிக் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை — வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள். முன்பு ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் இருந்தவர். அதனால் அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பட்டாசு வேலையில் கை வெந்தவர்கள். புண் ஆறியதும் சிகிச்சை முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஜெசிந்தாவின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். ஆறுகிற தோல் சுருங்கும். சுருங்கும்போது விரலையும் சேர்த்து இழுத்து மடக்கிவிடும். அந்த விரல்களை நாள் தவறாமல் நீவி, நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி...

விஷயம் இதுதான். முத்துமாரி என்று ஒருவர். முப்பத்தி நாலு வயது. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊர். பட்டாசு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவர். போன சீசனில் நடந்த விபத்தில் வலது கை வெந்துபோயிற்று. ஒரு ஆபரேஷன் முடிந்து, ஏழு மாதமாக ஜெசிந்தாவிடம் பயிற்சி. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சொன்ன பேச்சு கேட்கின்றன. மற்ற மூன்றும் உள்ளங்கையை நோக்கி வளைந்தே நிற்கின்றன.

ஜெசிந்தா போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, மதுரையில் இருக்கும் சர்ஜன், இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்றிருக்கிறார். அதாவது, மறுபடி தொடையிலிருந்து தோல். மறுபடி வாரக்கணக்கில் கட்டு. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம்.

ஜெசிந்தாவுக்கு அதில் சம்மதமில்லை. கையை நேரில் தொட்டுப் பார்க்கிறவர் அவர்தானே! எண்ணெய் போட்டு நீவி, கை இளகியிருக்கும்போது பாருங்கள் என்று டாக்டரிடம் வாதாடியிருக்கிறார். டாக்டரும் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார். கை அசையும்போது மேலிருந்தும், உள்ளங்கைப் பக்கமிருந்தும், பக்கவாட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். போனில் ஒரு பக்கம் காட்டிவிட்டு மறுபக்கம் திருப்பினால் கை அதே மாதிரி அசைவதில்லை. புதன்கிழமை மூன்று மணிக்கு அரை மணி நேரம் தருகிறேன், மறுநாள் நான் ஒரு மாதம் வெளிநாடு போகிறேன் என்றாராம்.

ஜெசிந்தா ஒரே மாதிரி மூன்று யூ.எஸ்.பி. வெப்கேமரா வாங்கிவிட்டார்.

“ரெண்டுதான் டீச்சர் தெரியுது. மூணாவது முரண்டு பிடிக்குது. கொஞ்சம் வந்து பாக்கீகளா?” என்றார்.

அந்தக் கம்ப்யூட்டர் எனக்குப் பழக்கமானதுதான். ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப் போட்ட பெட்டி. விண்டோஸை வைத்துக்கொண்டு அது மூச்சு வாங்கியதால் நான்தான் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். போனதும் அரை மணியில் முடித்துவிடலாம் என்றுதான் புதன்கிழமை காலை பஸ் ஏறினேன்.

பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஜெசிந்தா உள் அறையில் ஒரு பெரியவரின் முழங்காலோடு போராடிக்கொண்டிருந்தார். மூன்று கேமராவும், ஒரு துளையை நாலாகப் பிரித்துக் கொடுக்கும் ஒரே யூ.எஸ்.பி. ஹப்பில் செருகியிருந்தன. முதல் கேமராவை ஓட விட்டேன் — படம் வந்தது. இரண்டாவது — வந்தது. மூன்றாவதை ஓட விட்டேன். கட்டளை தட்டுகிற டெர்மினல் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து விழுந்தது. அதன் அர்த்தம்: ‘சாதனத்தில் இடம் இல்லை.’

இதற்குத்தானா இவ்வளவு? ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது!

கம்ப்யூட்டர் ‘இடம் இல்லை’ என்றால் டிஸ்கில் இடம் இல்லை என்று அர்த்தம். இருபத்தாறு வருடம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். வீடியோக்கள்தான் இடத்தை அடைக்கும் என்று தேடினேன். வெறும் எண்களைப் பெயராக வைத்து ஒரு ஃபோல்டரில் முப்பது வீடியோக்கள் இருந்தன. ஒன்றைத் திறந்தேன். சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்றைத் திறந்தேன். அதிலும் ஃபேன். யாரோ கேமராவைச் சோதித்துப் பார்த்த குப்பை என்று முடிவு கட்டினேன்.

ஜெசிந்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்தடி தூரம். நடுவில் ஒரு திரைச்சீலை.

கேட்கவில்லை. மொத்தமாக அழித்தேன். குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பாமல், நிரந்தரமாக.

பிறகு மூன்றாவது கேமராவை ஓட விட்டேன். ‘சாதனத்தில் இடம் இல்லை.’

அதே வரி.

அப்போதுதான், முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்ட ஒரு சின்னக் கட்டளை உண்டு. இரண்டே எழுத்து. தட்டினேன். டிஸ்கில் முக்கால்வாசி காலி. நான் அழித்தது கடுகளவு. ஆரம்பத்திலிருந்தே இடம் ஏராளமாக இருந்திருக்கிறது.

அழித்தவற்றில் வேறு என்ன இருந்தது? ஃபேனுக்குப் பிறகு என்ன வந்தது? நான் இரண்டு நொடிக்கு மேல் பார்க்கவே இல்லையே...

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் நான் ஜெசிந்தாவைக் கூப்பிடவில்லை. முதலில் கேமராவைச் சரிசெய்வோம், நல்ல சேதியோடு சேர்த்துக் கெட்ட சேதியைச் சொல்வோம் என்று மனசு கணக்குப் போட்டது. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? சொல்லியிருப்பீர்கள் என்றுதான் நம்புகிறேன்.

ஹப்பிலிருந்து ஒவ்வொரு கேமராவாகக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இரண்டும் ஓடின. இரண்டும் மூன்றும் ஓடின. ஒன்றும் மூன்றும் ஓடின. எந்த இரண்டை எடுத்தாலும் ஓடும். மூன்றாவதாக எது வந்தாலும் இடம் இல்லை. ஆக, எந்தக் கேமரா மீதும் குற்றமில்லை. குற்றம் அவை போகிற பாதையில்.

நம் பஸ் ஸ்டாண்டில் பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமில்லையா, யூ.எஸ்.பி. பாதையில் வெப்கேமராவும் அதைத்தான் செய்கிறது. ஓட ஆரம்பிக்கும் முன்பே, அதிகபட்சம் எவ்வளவு இடம் தேவைப்படலாமோ அத்தனைக்கும் துண்டு போட்டுவிடும். பிறகு உட்காருகிறதோ இல்லையோ. முதல் இரண்டு கேமராவும் பாதை முழுவதும் துண்டு போட்டுவிட்டால் மூன்றாவது எங்கே உட்காரும்? லினக்ஸ் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது — இடம் இல்லை. எந்த இடம் என்று நான்தான் கேட்கவில்லை.

புரிந்துவிட்டால் கை தானாக வேலை செய்யும். கேமராக்கள் படத்தைச் சுருக்காமல் அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தன. சுருக்கி அனுப்பும் முறைக்கு மாற்றினேன். அளவையும் குறைத்தேன். ஊஹூம், போதவில்லை. எந்தக் கருவி எந்தப் பாதையில் தொங்குகிறது என்று மரம் மாதிரி வரைந்து காட்டும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதைத் தட்டினேன். அந்தப் பழைய பெட்டிக்குள் யூ.எஸ்.பி. பாதை ஒன்றல்ல — இரண்டு. மூன்று கேமராவும் ஒரே பாதையில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, இன்னொரு பாதையில் பாவம், கீபோர்டு மட்டும் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது.

ஹப்பைத் தூக்கிப் போட்டேன். இரண்டு கேமராவை நேராகப் பெட்டியிலேயே செருகிவிட்டு, பக்கவாட்டுக் கேமராவை மட்டும் கீபோர்டு இருந்த பாதைக்குப் போகிற, பெட்டிக்குப் பின்னால் கீழே இருந்த துளையில் செருகினேன்.

மூன்று படமும் வந்தன. மணி ஒன்றரை.

அந்த நேரம்தான் முத்துமாரி உள்ளே வந்தார். ஒடிசலான உருவம். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார். முழங்கால்காரரை அனுப்பிவிட்டு ஜெசிந்தாவும் வந்தார். திரையில் மூன்று படத்தையும் ஒன்றாகப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று முத்துமாரியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அப்படியே முத்துமாரியோட பழைய வீடியோவையும் எடுத்து வைங்க டீச்சர். முத மாசத்துலேர்ந்து வாரா வாரம் எடுத்தது. டாக்டர் ஒப்பிட்டுப் பாக்கணும்பாரு.”

இனி எங்கே ஒளிவது?

சொன்னேன். டிஸ்க் நிரம்பிவிட்டதாக நினைத்தது, ஃபேனைப் பார்த்துக் குப்பை என்று முடிவு கட்டியது, கேட்காமல் அழித்தது — எதையும் விடவில்லை. அப்போது வைத்திருந்த பழைய ஒற்றைக் கேமராவை முதலில் ஓட விட்டு, அதற்கப்புறம்தான் அதைக் கைக்கு மேலே பொருத்துவாராம் ஜெசிந்தா. அதுவரை அது கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு வீடியோவின் ஆரம்பத்திலும் ஃபேன்.

ஜெசிந்தா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நேராக அலமாரிக்குப் போனார். ஒரு நீள நோட்டை எடுத்து வந்து மேசையில் போட்டார். வாரா வாரம் ஒவ்வொரு விரலும் எத்தனை டிகிரி வளைகிறது, எத்தனை டிகிரி நிமிர்கிறது என்று அளந்து எழுதிய நோட்டு அது. என் பக்கம் பார்க்காமல், அதிலிருந்து ஒரு வெள்ளைத் தாளில் எண்களை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

முத்துமாரிதான் பேசினார்.

“விடுங்க டீச்சர். அந்தக் கையத் திரும்பப் பாக்கணும்னு எனக்கு ஆசையில்ல. முதல்ல எடுத்த வீடியோல பூராம் அழுதுக்கிட்டேதான் இருந்திருப்பேன். போனா போகுது.”

பெருந்தன்மை அவருடையது. தப்பு என்னுடையது. ஒன்று வந்ததால் மற்றது போய்விடாது.

ஜெசிந்தா எண்ணெயைச் சூடாக்கி முத்துமாரியின் கையை நீவ உட்கார்ந்தார். மணி இரண்டரை தாண்டியது. கரண்ட் போனது.

ஒரே நிமிடம்தான். திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு நிமிடம் போதும், முதலிலிருந்து ஆரம்பித்தது. மூன்று கேமராவும் ஓடின — இடம் மாறி! மேலிருந்து தெரிய வேண்டிய படம் பக்கவாட்டுக் கட்டத்தில் வந்தது. உள்ளங்கை இருக்க வேண்டிய கட்டத்தில் எதிர்ச் சுவர். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். அவற்றுக்குள் வித்தியாசம் சொல்ல எதுவும் இல்லை. எது முதலில் விழித்துக்கொள்கிறதோ அதற்கு முதல் எண் என்று லினக்ஸ் கொடுத்துவிடுகிறது. போதாததற்குக் கேமரா ஒன்றுக்கு இரண்டு பெயர் வீதம் பட்டியலில் ஆறு பெயர்கள்.

மூன்று மணிக்கு இன்னும் இருபது நிமிடம்.

இந்த முறை கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா யோசித்தேன். எண் மாறும். கேமராவுக்கு அடையாளம் இல்லை. மாறாதது எது? செருகியிருக்கும் துளை! ‘முதல் கேமரா’ என்று கூப்பிடாமல், ‘இந்தத் துளையில் இருக்கும் கேமரா’ என்று கூப்பிடவும் லினக்ஸில் வழி உண்டு. மூன்றையும் துளையின் பெயராலேயே மாற்றி எழுதினேன்.

ஆனால் நாளைக்குக் கூட்டிப் பெருக்கும்போது யாராவது வயரைக் கழற்றி மாற்றிச் செருகிவிட்டால்? அடையாளத்துக்கு ஒட்ட ஏதாவது ஸ்டிக்கர் இருக்கிறதா என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். அன்று அவரிடம் நான் கேட்டுச் செய்த முதல் காரியம் அதுதான்.

“பொட்டு இருக்கு. ஆகுமா?” என்றார் முத்துமாரி.

கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார். சிவப்பு, பச்சை, கறுப்பு. வலது கையின் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாக உரித்தார். நேரம் எடுத்தது. சிவப்புப் பொட்டு இரண்டு தடவை கீழே விழுந்தது. நான் உதவக் கையை நீட்டினேன். ஜெசிந்தா என் கையைப் பிடித்து நிறுத்தினார். வயருக்கு ஒன்று, துளைக்கு ஒன்று என்று ஆறு பொட்டையும் முத்துமாரியே ஒட்டி முடித்தார். பெட்டியை வேண்டுமென்றே ஒரு தடவை அணைத்துப் போட்டோம். படம் மாறவில்லை.

சரியாக மூன்று மணிக்கு டாக்டர் வந்தார் — திரையில்தான். ஐம்பது வயது இருக்கும், சுருக்கமாகப் பேசுகிற மனிதர். மூன்று கட்டத்தையும் பார்த்துவிட்டு ‘நல்லா தெரியுது’ என்றார். கையை மடக்கச் சொன்னார், விரிக்கச் சொன்னார், கட்டை விரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடச் சொன்னார். பிறகு, நான் பயந்தபடியே, முதல் மாதத்து வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்.

ஜெசிந்தா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். இருந்தது, நான் தவறுதலாக அழித்துவிட்டேன் என்றேன். டாக்டர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அளவு எழுதியிருக்கிறதா என்று ஜெசிந்தாவைக் கேட்டார். ஜெசிந்தா தாளை எடுத்து வாசித்தார். ஏழு மாதத்து எண்கள். டாக்டர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். சில நோட்டுகள் எந்தக் கேமராவையும் விட நன்றாகப் பார்க்கின்றன.

அப்புறம் டாக்டர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

“இந்தக் கையை வெச்சு என்ன செய்யணும்னு நினைக்கிறீங்கம்மா?”

முத்துமாரி திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தன் கையைப் பார்த்தார். யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போல.

“வண்டி ஓட்டணும் சார். மொபெட்டு. ஆக்ஸிலேட்டர முறுக்க முடியல. அது முடிஞ்சா காய்கறி ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போயிருவேன். திரும்பக் கம்பெனி வேலைக்குப் போக மாட்டேன்.”

முறுக்குகிற மாதிரி செய்து காட்டச் சொன்னார் டாக்டர். முத்துமாரி காற்றில் கைப்பிடியைப் பிடித்து முறுக்கினார். முறுக்கியதைத் திருப்பி விட்டபோது மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கமாக மடங்கியது.

“அப்படியே நில்லுங்க” என்றார் டாக்டர். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு வந்தார். மறுபடி, மெதுவாக, என்றார். மறுபடி.

மேலிருந்து பார்த்த கட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கைக் கட்டத்திலும் இல்லை. பக்கவாட்டுக் கட்டத்தில் தெரிந்தது. மணிக்கட்டு மடங்கியபோது, அந்த மூன்று விரல்களும் கொஞ்சம் நிமிர்ந்தன. மணிக்கட்டை நிமிர்த்தியதும் பழையபடி வளைந்தன. மூட்டு இறுகிப்போயிருந்தால் அப்படி அசையாதாம். மூட்டு உயிரோடுதான் இருக்கிறது, தோல்தான் கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கிறது என்று டாக்டர் விளக்கினார். இதைத்தானே ஜெசிந்தா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். இரவில் விரலை நீட்டி வைக்கும் அச்சு ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். பயிற்சியை இரட்டிப்பாக்க வேண்டும். ஊரிலிருந்து திரும்பியதும் பார்க்கிறேன். தேவைப்பட்டால் அந்தத் தோலை மட்டும் சின்னதாக விடுவித்துக்கொள்ளலாம் என்றார். முழுசாகத் தப்பிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

திரை அணைந்ததும் முத்துமாரி இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், ஏதோ நேரமாகிவிட்ட மாதிரி, எனக்கு பஸ் இருக்கு என்று கிளம்பிவிட்டார்.

மறுநாளும் சாத்தூர் போனேன். அழித்ததைத் தோண்டியெடுக்கும் மென்பொருளோடு. பத்தொன்பது வீடியோக்கள் மீண்டன. அவற்றில் பாதி நடுவில் உடைந்தவை. முதல் இரண்டு மாதம் வரவே இல்லை. அதை ஜெசிந்தாவிடம் சொன்னேன். சரி என்றார். டீ கொடுத்தார், கூடவே ஒரு தட்டில் சேவு வைத்தார். மன்னித்துவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தன்னம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் மூன்றாவது கேமரா ஓடியே இருக்காது. ஆனால் விஷயம் தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பாதி வரியைப் படித்ததும் மீதியை நாமே எழுதிக்கொள்வோம். ‘இடம் இல்லை’ என்று ஒருவர் சொன்னால், எந்த இடம் என்று கேட்க எத்தனை நொடி ஆகும்?

ஜெசிந்தா இப்போது அந்தக் கம்ப்யூட்டருக்குப் புதுப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறார். என்னவென்று கேட்டேன். சிரித்தார்... சொல்லவில்லை.